பணிக்கர் கயிறும் வர்த்தமானிக் கோடும்

முசலியிலும் மன்னார்த் தீவிலும் புத்தளத்திலும் இன்னும் எங்கெங்கோ இருந்தும் வாசிக்கும் உறவுகளுக்கு. பதிவு கொஞ்சம் நீளம். இஷாத் தொழுதுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வில்பத்துக் காட்டை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்ற பேச்சைப் பத்து வருடத்துக்கு மேலாகக் கேட்டு வருகிறோம். அதற்குப் பதில் சொல்லும் நம்மவர்களும் கதையை 1990 இலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது நியாயமான தொடக்கம்தான், ஆனால் போதாது. இந்தக் காட்டுக்குள் யார் போகலாம், யார் வேட்டையாடலாம், யார் அதைச் சுற்றிக் கோடு கீறலாம் என்ற கேள்வி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. அதைத் தெரியாமல் நம் பிள்ளைகள் முகநூலில் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

முதலில் ஒரு சிறு திருத்தம். வில்பத்து தேசிய பூங்காவின் வடக்கு எல்லை மோதரகம் ஆறு. மறிச்சுக்கட்டி, பாலைக்குளி, கரடிக்குளி, கொண்டச்சி எல்லாம் அந்த ஆற்றுக்கு வடக்கே உள்ள ஊர்கள். பெயர்களையே பாருங்கள். பாலைக்குளியில் பாலை மரம் இருக்கிறது, கரடிக்குளியில் கரடி இருக்கிறது. காட்டையும் விலங்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர்தான் இப்படிப் பெயர் வைப்பார்கள். கொழும்பில் இருந்து வரைபடம் கீறியவர்கள் வைத்த பெயர்கள் இல்லை இவை.

1679 இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கைதி கண்டி இராச்சியத்திலிருந்து தப்பி, அருவி ஆற்றின் கரையோடு காட்டுக்குள் நடந்து, நம் அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையில் வந்து ஏறினான். அனுராதபுரத்துக்கும் அரிப்புக்கும் இடையில் அவன் கடந்தது பெரும்பாலும் யானைக் காடு. யானை என்று வந்துவிட்டதால், நம் வரலாற்றில் பலருக்கும் மறந்துபோன ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

பணிக்கர் என்றால் இன்று ஏறாவூர்தான் ஞாபகத்துக்கு வரும். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859 இல் வெளியிட்ட தன் நூலில், யானை பிடிக்கும் பணிக்கர் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகர் கிராமங்களில் வாழ்பவர்கள் என்று எழுதினார். அவர்கள் பிடிக்கும் யானைகளை அரபிகள் பழக்கினார்கள் என்றும், தென்னிந்திய மன்னர்களின் ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள் என்றும் சொல்கிறார். கிழக்கோடு மட்டும் நிற்கவில்லை, வடக்குச் சோனகரும் அதில் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் வேட்டைக்குத் தயாரான விதத்தை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். துவக்கு இல்லை. தோலில் முறுக்கிய, வளைந்து கொடுக்கும் கயிறுதான் ஆயுதம். ஒரு கூட்டத்தில் இரண்டு மூன்று பேர். புல் மடிந்த விதத்தை வைத்து யானை போன வழியைக் கண்டுபிடிப்பார்கள். அந்நியன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத தரையில் ஓட்டமாக ஓடியே தடம் பிடிப்பார்கள் என்று டெனன்ட் வியக்கிறார். கிட்டப் போய், யானை காலைத் தூக்கும் நேரம் பார்த்துச் சுருக்கை மாட்டி, மறு முனையைப் பக்கத்து மரத்தில் சுற்றிவிடுவார்கள். சில வேளை சுருக்கைத் தரையில் இலை சருகுக்குள் மறைத்து வைத்து, ஒருவர் மரத்தின் மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பார். மற்றவர் யானையைச் சீண்டி அந்த வட்டத்துக்குள் காலை வைக்கச் செய்வார். மேலே இருப்பவர் அந்தக் கணத்தில் இழுக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் கீழே நிற்பவர் மௌத்து.

இதில் தொழில் நுணுக்கம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கட்டுப்பாடும் இருக்கிறது. யானை உயிரோடு வேண்டும். தேவைக்கு மேல் பிடித்தால் வாங்க ஆளில்லை, வைத்துத் தீனி போடவும் முடியாது. காடு அவர்களுக்குத் தோட்டம் மாதிரி. அடுத்த வருடமும் அங்கேதான் போக வேண்டும்.

அதே காலத்தில் அரசாங்கம் என்ன செய்தது? யானை பயிரை அழிக்கிறது என்று சொல்லி, கொன்ற யானைக்குத் தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. 1848 க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 க்கு மேற்பட்ட யானைகளுக்குச் சன்மானம் கொடுத்ததாக டெனன்டே எழுதி வைத்திருக்கிறார். தென்மாகாணத்தில் 1851 க்கும் 1856 க்கும் இடையில் 2000. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1400 யானை வரை சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அதைப் பற்றி எங்கள் பக்கத்து வீட்டு மூத்தம்மாவிடம் சொன்னால் ஒரு விளக்கம் தருவார், அதை இங்கே எழுதத் தேவையில்லை.

ஆக, காட்டை வெறுமையாக்கியது யார் என்று கேட்டால், எண்ணிக்கையோடு பதில் இருக்கிறது. அதை எழுதி வைத்தவரும் அந்த அரசாங்கத்தில் இருந்தவர்தான்.

விலங்குகள் குறைந்த பிறகுதான் சட்டம் வந்தது. அதற்கு முன்பே நிலம் கைமாறிவிட்டது. 1840 இன் 12 ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆளில்லாமலும் கிடக்கும் காணி எல்லாம், மாறாக நிரூபிக்கும் வரை முடிக்குச் சொந்தம் என்று சொன்னது. 1897 இன் தரிசு நிலச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. நிரூபிக்க வேண்டியவன் கிராமத்தான். சேனை வெட்டி, இரண்டு மூன்று போகம் எடுத்து, காட்டைத் திரும்ப வளர விட்டு, பல வருடம் கழித்து வரும் குடியானவன், தான் விட்டுவைத்த காட்டுக்கு எந்த உறுதியைக் காட்டுவான்? காட்டை வளர விட்டதே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1990 க்குப் பிறகு நம் ஊருக்கு நடந்ததும் இதேதான்.

1891 இல் யானை, எருமை, ஏனைய வேட்டை விலங்குகளை வீணாகக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும். அவர்கள் விலங்கைக் காப்பாற்ற நினைத்தது உண்மை. தங்கள் வேட்டைக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்று நினைத்ததும் உண்மை. யாலவின் ஒரு பகுதிக்கு அவர்கள் வைத்த பெயரே 'வதிவிட வேட்டைக்காரர் ஒதுக்கிடம்'. அந்த 'வதிவிட' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக்கூடாது, அது பக்கத்துக் கிராமத்தில் வதிபவனைக் குறிக்கவில்லை. இலங்கையில் வசிக்கும் துரையைக் குறித்தது.

துரை வேட்டைக்குத் தயாராவது வேறு விதம். அனுமதிப்பத்திரம், கூடாரம், மாட்டு வண்டி, சமையல்காரன், தடம் பார்க்கக் கிராமத்து ஆள். கோடையில் வில்லுகளில் மட்டும் தண்ணீர் மிஞ்சும் நேரம் பார்த்து வருவார்கள். தண்ணீர் குடிக்க வரும் மானை மறைவிலிருந்து சுடுவார்கள். தடம் காட்டியவனின் கையில் அதே துவக்கு இருந்தால் அவன் கள்ள வேட்டைக்காரன். ஒரே காடு, ஒரே மான், ஒரே நாள். கடதாசி மட்டும் வேறு.

நம் ஆட்களின் ஆயத்தம் சின்னது. சேனைக்குள் ஒரு பரண், ஒரு நாட்டுத் துவக்கு, இடுப்பில் ஒரு கத்தி. கத்தி ஏன் என்றால், பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டாலும், விழுந்த மானில் உயிர் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால் அறுக்க வேண்டும். காட்டுப்பன்றி நமக்கு ஹராம், ஆனால் சேனையை முதலில் அழிப்பது அதுதான். சுட்டு விழுத்தினால் பக்கத்து ஊர்ச் சகோதரர்கள் எடுத்துப் போவார்கள். மான் விழுந்தால் பங்கு நாலு வீட்டுக்குப் போகும். 1916 இன் துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் துவக்குக்கும் லைசன் எடுக்க வேண்டியிருந்தது. இந்த லைசனைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

1905 இல் வில்பத்து சரணாலயமாக்கப்பட்டது. அதே வருடம் நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அடுத்த வருடம் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு முகாம் எழும்பியபோது அங்கே வேலைக்கு அனுப்பப்பட்ட இளம் சிவில் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். சுழியோடிகளும் வியாபாரிகளுமாகப் பல்லாயிரம் பேர் கூடிய இடம் அது, அரபு நாட்டிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். இன்று 'ஆதிகாலக் கன்னிக் காடு' என்று சிலர் பேசும் கரை அது. வுல்ஃப் பின்னர் அம்பாந்தோட்டைக்கு மாற்றலாகி, 1913 இல் காட்டு ஓரத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதினார். அதில் வேட்டைக்காரக் குடும்பம் ஒன்றை அழிப்பது புலியோ கரடியோ இல்லை. சேனைக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் அழிக்கிறார்கள். வெள்ளை அதிகாரி ஒருவருக்கே அது புரிந்திருந்தது.

1937 இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம். 1938 இல் வில்பத்து தேசிய பூங்கா. இதை நாங்கள் குறை சொல்லவில்லை. 1317 சதுர கிலோமீற்றர் காடு இன்றும் நிற்கிறதென்றால் அந்தச் சட்டத்துக்கு அதில் பங்குண்டு. சிறுத்தையும் கரடியும் அங்கே மிஞ்சியிருக்கின்றன. அந்தப் பூங்காவின் எல்லை ஆற்றோடு நின்றது, ஆற்றுக்கு வடக்கே ஊர்கள் இருந்தன. அந்த ஏற்பாடு யுத்தம் வரும் வரை பெரிதாகக் குழம்பவில்லை.

1990 ஒக்டோபர் கடைசி வாரம் எல்லாருக்கும் தெரியும். விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனவர்கள் உண்டு, முசலியிலிருந்து காட்டு வழியாகத் தெற்கே நடந்தவர்களும் உண்டு. இதை விரித்து எழுதக் கை வரவில்லை, எழுதவும் தேவையில்லை, வாசிப்பவர்களில் பாதிப் பேர் நடந்தவர்கள்.

பத்தொன்பது வருடம் ஊரில் ஆளில்லை. மழை பெய்யும் மண்ணில் பத்தொன்பது வருடம் ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும்? வளவில் விடத்தல் முளைக்கும், வயலில் பற்றை ஏறும், கிணற்றை மூடி மரம் நிற்கும். 2009 க்குப் பிறகு திரும்பிப் போனவர்கள் தங்கள் வீட்டின் அத்திவாரத்தைக் கத்தியால் வெட்டி வெட்டித்தான் தேடினார்கள். மக்கள் இன்னும் வந்து முடியவில்லை. 2012 ஒக்டோபரில் வர்த்தமானி வந்தது, மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் ஒதுக்கக் காடு என்று. மேலே இருந்து பார்த்தவர்களுக்குப் பச்சையாகத் தெரிந்தது காடு. 1840 இன் சட்டம் புதுச் சட்டை போட்டு வந்த மாதிரி இருந்தது.

2017 மார்ச் 24 அன்று, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவில் இருந்தபடியே கையெழுத்திட்டு, மாவில்லு, வெப்பல், மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, விளாத்திக்குளம் உள்ளிட்ட காடுகளை ஒன்றாக்கி, 40,030 ஹெக்டேயர் பரப்பில் மாவில்லு பேணற்காடு என்று பிரகடனம் செய்தார். மறிச்சுக்கட்டியில் மக்கள் பந்தல் போட்டுக் குந்தினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அந்தச் சத்தியாக்கிரகம் நீடித்தது. பெண்கள் பிள்ளைகளோடு வந்து இருந்ததை இந்த ஊர் மறக்காது.

இதை முஸ்லிம்களின் பிரச்சினையாக மட்டும் சுருக்குவது சரியில்லை. பக்கத்தில் முள்ளிக்குளத்தைப் பாருங்கள். கத்தோலிக்கத் தமிழ் ஊர். 2007 இல் மக்கள் எழுப்பப்பட்டார்கள், பிறகு ஊர் கடற்படை முகாமாகிவிட்டது. சொந்த வயலையும் கோவிலையும் அனுமதி கேட்டுப் பார்க்கும் நிலை. 2017 இல் அவர்களும் வீதியில் குந்தினார்கள். காடு என்றாலும் முகாம் என்றாலும் வேலிக்கு வெளியே நிற்பவன் ஒருவன்தான்.

இனி நம் பக்கத்தையும் பேச வேண்டும். பேசினால் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. சுற்றாடல் நீதிக்கான மையம் 2015 இல் தொடுத்த வழக்கில், 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்லாறுப் பகுதியில் காடு வெட்டிக் குடியேற்றியது சட்டவிரோதம், முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தன் செலவில் அங்கே மரம் நட வேண்டும் என்பது தீர்ப்பு. அதைப் பார்த்து எல்லாம் இனவாதம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எங்களால் முடியாது. முன்பு ஊர் இருந்த இடமும், இருக்கவே இல்லாத இடமும் ஒரே பட்டியலில் கலந்துபோனதால்தான் மறிச்சுக்கட்டிக்காரனின் உண்மையான உறுதிக்கும் மதிப்பில்லாமல் போனது. காணித் தரகர்கள் இந்தக் குழப்பத்தில் நன்றாகக் குளிர் காய்ந்தார்கள். யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

வேட்டையும் அப்படித்தான். பரணில் இருந்து பயிரைக் காத்த துவக்கு வேறு, இன்று விற்பனைக்காக வைக்கும் கட்டுத்துவக்கும் பழத்துக்குள் வைக்கும் ஹக்கபட்டாஸும் வேறு. பன்றிக்கு வைத்த வெடியை யானைக்குட்டி கடித்து, வாய் பிளந்து, தின்ன முடியாமல் நாட்கணக்காகச் சாகிறது. மாற்று மத வியாபாரி செய்கிறான், நம்மவன் காட்டுகிறான் என்று கணக்குப் பிரிக்க வேண்டாம். பணிக்கரின் பேரன் செய்யும் வேலையா இது?

சரி, உலகத்தில் வேறு எங்காவது இதற்கு வழி கண்டிருக்கிறார்களா? பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் தோர்கர் என்ற மலை இருக்கிறது, பஷ்தூன் பழங்குடியினரின் மலை. அங்கே மார்க்கோர் என்ற சுருள் கொம்பு ஆடும், ஊரியல் என்ற காட்டுச் செம்மறியும் வாழ்கின்றன. ஆப்கான் யுத்தத்தோடு துவக்குகள் மலிந்து, 1980 களின் நடுவில் மார்க்கோர் நூறுக்கும் குறைவு என்று மதிப்பிட்டார்கள். ஊர்த் தலைவர்கள் ஒரு தீர்மானம் எடுத்தார்கள். வேட்டைக்காரர்களையே சம்பளத்துக்குக் காவலர் ஆக்கினார்கள். அவர்கள் துவக்கை வைக்க வேண்டும், தங்களுக்கும் வேட்டை இல்லை. வருடத்துக்கு ஒரு சில கிழட்டு ஆண் விலங்கை மட்டும் வெளிநாட்டு வேட்டைக்காரர் பெரிய கட்டணம் கொடுத்துச் சுடலாம். அந்தப் பணத்தில் காவலரின் சம்பளமும் ஊரின் தேவைகளும். 1994 இல் எண்ணியபோது மார்க்கோர் சுமார் 700, ஊரியல் 1100 க்கு மேல்.

இதை அப்படியே இங்கே கொண்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. காசு கொடுத்து மான் சுட ஆள் கூட்டி வருவது நமக்கு வேண்டாத வேலை. எங்களுக்குப் பிடித்தது அதில் உள்ள முதல் படி: தடம் தெரிந்தவனைத் துரத்தாமல் காவலுக்கு வைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மூணாறிலும் இதன் சாயல் உண்டு. வரையாடு சுட வந்த துரைமாரின் சங்கம் முதுவர் பழங்குடியினரைக் காவலாளிகளாக வைத்தது. அந்த மலை 1978 இல் இரவிகுளம் தேசிய பூங்கா ஆனது. (வரையாடு பேருக்குத்தான் ஆடு. 2005 இல் வந்த மரபணு ஆய்வு அதைச் செம்மறிக்கு நெருங்கிய இனம் என்று காட்டியது. விஞ்ஞானப் பாட ஆசிரியர்கள் கவனிக்க.)

நம் மார்க்கத்திலேயே இதற்கு ஒரு சொல் இருக்கிறது: ஹிமா. இஸ்லாத்துக்கு முன்பு அரபுத் தலைவன் ஒருவன் நல்ல மேய்ச்சல் நிலம் கண்டால் நாயைக் குரைக்க விட்டு, குரைப்புச் சத்தம் கேட்கும் தூரம் முழுவதையும் தனதாக்கிக்கொள்வான் என்று சொல்வார்கள். மற்றவன் ஆடு அங்கே மேயக் கூடாது. ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அந்தத் தனியார் ஹிமாவை ஒழித்து, பொது நன்மைக்காக மட்டும் என்று மாற்றினார்கள். உமர் ரழியல்லாஹு அன்ஹு ஹிமாவுக்குக் காவலாக ஹுனை என்பவரை நியமித்தபோது சொன்ன அறிவுரை புகாரியில் இருக்கிறது. சில ஒட்டகம், சில ஆடு மட்டும் வைத்திருப்பவனை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபின் மந்தையையும் உஸ்மான் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே, அவர்கள் மந்தை செத்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான். இதுதான் கருத்து. வேலி வேண்டாம் என்று உமர் சொல்லவில்லை, வேலிக்குக் காவலும் போட்டார். உள்ளே யாரை முதலில் விடுவது என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

மாவில்லு பேணற்காட்டில் நமக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறோம். 1990 க்கு முன் குடியிருந்த வளவு, வயல், குளம், மையவாடி எது என்று ஊர் ஊராக நடந்து அளக்க வேண்டும். அது கோட்டுக்கு வெளியே வர வேண்டும். மிச்சம் காடாகவே இருக்கட்டும். அதில் பாலைப்பழமும் தேனும் விறகும் எடுக்கும் வழக்கத்தை எழுத்தில் ஒழுங்கு செய்யட்டும். காவலுக்கு நம் இளைஞர்களையும் முள்ளிக்குளத்து இளைஞர்களையும் எடுக்கட்டும்.

இப்போது அந்த லைசன் விஷயம். சேனை பெர்மிட், துவக்கு லைசன், வரிச் சிட்டை, பழைய பங்கீட்டு அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்று 1990 க்கு முந்திய கடதாசி எதிலாவது உங்கள் ஊரின் பெயர் இருக்கலாம். நம் வாப்பாமாரைக் காட்டுக்குள் விடாமல் தடுக்க உண்டாக்கிய கடதாசிகளில் சில, அவர்கள் அங்கேதான் இருந்தார்கள் என்பதற்கு இன்று சாட்சி. புத்தளத்து முகாம் வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும். கறையான் தின்ன முதல் எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடியுங்கள், மடிப்பில் உள்ள எழுத்தும் வாசிக்கக் கூடியதாக இருக்கட்டும். பெயரும் இலக்கமும் இருப்பதால் கொமண்டில் போட வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஊர் வாரியாகக் கோவை போட்டு வைக்கிறோம். மறிச்சுக்கட்டி, பாலைக்குளிக்கு ஏற்கனவே தொடங்கிவிட்டோம். கரடிக்குளியிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.